ஏழு நிமிடமும் கடைசிப் படகும்

வாய் நிறையச் சொல் வைத்திருக்கும் ஒருத்தி, பேசியே ஆக வேண்டிய இடத்தில் எழுந்து நின்று, பேசாமல் உட்கார்ந்துவிட்டால் அதை என்னவென்று எடுத்துக்கொள்வது?

கைதத்துருத்துத் தீவில் யாரைக் கேட்டாலும் பதில் தயாராக இருந்தது. பயம். அதிகாரிகளைப் பார்த்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. வீட்டு வாசலில் புலி, கரைக்குப் போனால் பூனை. தீவு முழுக்க ஒரே கருத்தாக இருக்கும் விஷயங்கள் மிகக் குறைவு. விலாசினி பயந்துவிட்டாள் என்பது அவற்றில் ஒன்று.

இரவு எட்டரை மணிப் படகில் ஆள் குறைவு, அதை நிறுத்திவிடலாமா என்று கேட்பதற்காகக் கரையில் ஒரு கூட்டம் போட்டிருந்தார்கள். தீவின் சார்பில் பேச அவளைத்தான் அனுப்பினார்கள். தீவுப் பெண்களின் குழுவான அயல்கூட்டத்தின் செயலாளர். குடைத் தையலகத்தில் நாள்கூலி உயர்த்திக் கேட்டு வாங்கியவள். அவள் பேரத்துக்குப் பயந்து மீன்காரர்கள் அவள் வீட்டுப் பக்கம் மட்டும் கூவாமல் துடுப்புப் போடுவார்கள். அப்பேர்ப்பட்டவள் எழுந்து, "எங்க தீவுல..." என்று ஆரம்பித்தாள். நிறுத்தினாள். உட்கார்ந்தாள். அடுத்த மாதம் எட்டரை மணிப் படகு நின்றது. அதன்பின் கடைசிப் படகு ஏழு மணிக்கு. அதைத் தவறவிட்டுக் கரையில் மாட்டிக்கொண்ட ஒவ்வொருவரும், "விலாசினி படகு போயாச்சு" என்று தலையில் கைவைத்தார்கள். அவள் காதுபடவே சொன்னார்கள். அவள் ஒரு தடவைகூட மறுக்கவில்லை.

மறுக்காதது ஒப்புக்கொண்டதாகாது. ஆனால் ஊர் அப்படி நுணுக்கமாகப் பார்ப்பதில்லை.

படகு நின்ற மறுமாதமே அவள் கரையில் இருந்த பிரசங்கக் களரியில் சேர்ந்தாள். படகுத்துறைக்குப் பக்கத்திலுள்ள வாசகசாலை மாடியில், மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை கூடும் சங்கம் அது. மேடையில் பேசக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் சந்தா கட்டிச் சேரலாம். அவளோடு தையலகத்தில் வேலை பார்த்த ஜெசியும், கயிறு திரிக்கும் ஓர் அக்காள் தங்கையும் சேர்ந்தார்கள். நால்வரும் தீவுக்காரர்கள்.

"நாப்பத்தெட்டு வயசுல பள்ளிக்கூடமா?" என்று படகில் ஒருவன் கேட்டான்.

"உனக்கு முப்பதாகுது, நீ இன்னும் எதுலயும் சேரலையே" என்றாள் விலாசினி.

களரியின் விதிகள் எளிமையானவை. புதிதாகச் சேர்ந்தவர் தன்னைப் பற்றி ஏழு நிமிடம் பேச வேண்டும். அதுதான் முதல் பேச்சு. சேர்ந்த ஒரு வருடத்துக்குள் முதல் பேச்சைப் பேசாதவரின் பெயர் தானாக நீங்கிவிடும். மறுபடி சேர முடியாது. பெயருக்காக மட்டும் சேர்கிறவர்களை விலக்க எந்தக் காலத்திலோ போட்ட விதி. நல்ல விதிதான். பேச இடமே கிடைக்காத ஒருவரைப் பற்றி, விதி போட்டவர்கள் நினைத்துப் பார்த்திருக்கவில்லை.

கூட்டம் நாலரைக்கு என்று அறிவிப்புப் பலகையில் எழுதியிருக்கும். நாலரைக்கு மாடியில் தீவுக்காரர்கள் நாலு பேர் மட்டும் இருப்பார்கள், படகு அந்த நேரத்துக்குத்தான் கொண்டுவந்து விடும் என்பதால். மற்றவர்கள் வராமல் இல்லை. எல்லோரும் வந்துவிடுவார்கள், நேரத்துக்கே வந்துவிடுவார்கள். ஆனால் மாடிக்கு அல்ல, எதிரே இருக்கும் பிரபாகரனின் சாயாக்கடைக்கு. ஆளில்லாத மண்டபத்தில் முதலில் போய் உட்காருவது கௌரவக் குறைவு. அதிலும் தலைவர் கைமள் மாஷ் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்; சபை நிறையாமல் உள்ளே வரக்கூடாது என்பது அவரே வகுத்துக்கொண்ட நெறி. செயலாளர் தொம்மச்சன் உரக்கடை வைத்திருப்பவர். தலைவர் போகாமல் அவர் போகமாட்டார். இப்படிப் பதினைந்து இருபது பேர் பருப்பு வடையும் கையுமாக, "யாரும் வரலையோ?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு, யாருமில்லாத மாடியை அண்ணாந்து பார்த்தபடி நிற்பார்கள். ஐந்தேகாலுக்கு மழை வந்தாலோ வடை தீர்ந்தாலோ கூட்டம் தொடங்கும்.

தொடங்கினால் முதலில் பிரார்த்தனை. பிறகு வரவேற்பு. பிறகு தலைமையுரை. பிறகு வாழ்த்துரைகள். வாழ்த்துரை என்பது அந்த நாட்டில் ஒரு தனி நோய். ஒருவரை மேடையில் உட்காரவைத்தால் அவர் வாழ்த்திப் பேச வேண்டும். ஒருவரை விட்டுவிட்டால் அவர் வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட அழைக்கமாட்டார். ஆகவே எல்லோரும் மேடையில். வாழ்த்துகிறவர் ஒவ்வொருவரும், மேடையிலுள்ள அனைவரையும் பெயரும் பட்டமும் சொல்லி விளித்துவிட்டு, "நான் நீட்ட விரும்பவில்லை" என்பார். அந்தச் சொல் காதில் விழுந்ததும் பழக்கப்பட்டவர்கள் கால் மாற்றிப் போட்டுக்கொள்வார்கள்.

இதெல்லாம் முடிந்து பழைய உறுப்பினர்கள் பேசி, புதியவர்களின் முறை வரும்போது ஆறே முக்கால் ஆகியிருக்கும். தீவுக்காரர்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

"மாஷே, எனக்கு எப்போ?" என்று விலாசினி படியிலிருந்து கேட்பாள்.

"அடுத்த தடவை கட்டாயம்."

"போன தடவையும் இதைத்தான் சொன்னீங்க."

"அப்போ மாத்திப் பேசலையே நான்" என்பார் கைமள் மாஷ். சிரிப்பு எழும். அவர் கெட்டவர் அல்ல. இரண்டு தலைமுறைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர். தன் குரல் நல்ல குரல் என்பதும் அதைக் கேட்பது பிறருக்கு நன்மை என்பதும் அவருடைய உண்மையான நம்பிக்கை. உண்மையான நம்பிக்கையிலிருந்து ஒருவரை எழுப்புவதுதான் கஷ்டம்.

தீவுக்காரர்களை முதலில் பேசவிடக் கூடாதா என்று அவள் ஒருமுறை கேட்டாள்.

"பெரியவங்க பேசறதைக் கேட்டுத்தான் கத்துக்கணும், விலாசினி" என்றார் மாஷ்.

"கேட்டுக் கேட்டு எனக்கு எல்லாம் மனப்பாடம் மாஷே. உங்க தலைமையுரையை நானே சொல்லுவேன். 'கடலினும் பெரியது சொல்' வரைக்கும் வந்தாச்சுன்னா இன்னும் பாதி இருக்குன்னு அர்த்தம்."

தொம்மச்சன் சிரிப்பை அடக்க இருமினார். மாஷ் சிரிக்கவில்லை. அன்றைக்கே அவளுக்கு ஒரு பொறுப்பு கொடுத்தார்: நேரக் கணக்குப் பார்ப்பது. யாரும் விரும்பாத வேலை. கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஒருவருக்கான ஏழு நிமிடம் முடிந்ததும் மேசைமணியைத் தட்ட வேண்டும். வாயை அடைக்க ஒரு வழி என்று மாஷ் நினைத்திருக்கலாம்.

மணியை யாரும் மதிக்கவில்லை. "இதோ முடிக்கிறேன்" என்று மணிக்கு மரியாதை செய்துவிட்டுத் தொடர்ந்தார்கள். "நல்லாத்தான் இருக்கு, கோயில்ல நிக்கற மாதிரி" என்றார் தொம்மச்சன், தன் பதினோராவது நிமிடத்தில்.

"படகுல மணி அடிச்சா இஞ்சின்கூடக் கேக்குது" என்றாள் விலாசினி திரும்பும் வழியில். "இவங்களுக்கு அந்த இரும்புக்கு உள்ள புத்தி இல்ல."

அடுத்த மாதம் அவள் மூன்று குடைகளோடு வந்தாள். தையலகத்தில் மிஞ்சிய துணியில் தைத்த குழந்தைக் குடைகள். ஒன்று பச்சை, ஒன்று மஞ்சள், ஒன்று சிவப்பு. பேச்சு ஐந்து நிமிடம் தாண்டியதும் கடைசி வரிசையில் பச்சைக் குடை விரிந்தது. ஆறில் மஞ்சள். ஏழில் சிவப்பு. குடை விரியும் சத்தம் சிறியதுதான். ஆனால் கூரைக்குக் கீழே ஒருத்தி குடை பிடித்து உட்கார்ந்திருந்தால் சபை முழுக்கத் திரும்பிப் பார்க்கும். முதுகுகளைப் பார்த்துப் பேச எந்தப் பேச்சாளனாலும் முடியாது.

உறுப்பினர்களின் பேச்சுகள் அன்று கச்சிதமாக முடிந்தன. இளைஞர்கள் கைதட்டினார்கள். மாஷ் உடனே ஒரு தீர்ப்பு வழங்கினார்: குடை நல்ல ஏற்பாடு, ஆனால் தலைவருக்கும் வாழ்த்துரையாளர்களுக்கும் அது பொருந்தாது.

"மேடைக்கு மேல மழை பெய்யாதோ?" என்றாள் விலாசினி.

"மரியாதைன்னு ஒண்ணு இருக்கு."

ஆக, குடை சின்னவர்கள்மேல் மட்டும் விரிந்தது. சின்னவர்கள் மிச்சம் பிடித்துக் கொடுத்த நேரத்தைப் பெரியவர்கள் செலவழித்தார்கள். அவளுடைய முறை முன்போலவே ஆறே முக்காலுக்கு வந்து நின்றது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் இவளை நல்லவளாக்கிவிடுவதாக ஆகும். சாயாக்கடைப் பிரபாகரனும் களரியில் உறுப்பினர்தான். உறுப்பினர்கள் எல்லோரும் அவன் கடையில் நிற்கும்வரை அவனால் கடையை விட்டு வர முடியாது; அவர்கள் மேலே போனபின் பாத்திரம் கழுவ வேண்டும். எப்போதாவது ஒருநாள் வந்து பேசுவான். அப்படி ஒருநாள், அந்த வருடம் இறந்துபோன தன் மனைவி உஷையைப் பற்றிப் பேசினான். கடை திறந்த காலத்தில் அவள் வடைக்கு அரைத்தது, பிறகு ஆஸ்பத்திரி, பிறகு கடைசி வாரம். "அன்னைக்குக் காலையில அவ என்னைக் கூப்பிட்டு..." என்றபோது சிவப்புக் குடை விரிந்தது.

பிரபாகரன் குடையைப் பார்த்தான். விலாசினி குடையை மடக்கவில்லை. அவன் தோளிலிருந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனான்.

"சேச்சி, அவரையாவது விட்டிருக்கலாம்" என்றாள் ஜெசி படகில்.

"யாரை விடலாம் யாரை விடக்கூடாதுன்னு நான் முடிவு பண்ண ஆரம்பிச்சா, அப்புறம் நான் யாரு? கைமள் மாஷா?"

"அதுக்காக?"

"ஆமா. அதுக்காக."

அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. பிரபாகரன் அதன்பின் அவள் கடைக்கு வந்தால் சாயாவை மேசைமேல் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவான். சர்க்கரை போட்டானா என்றுகூடக் கேட்க முடியாது.

வருடம் முடிய வந்தது. அடுத்த கூட்டம் ஆண்டுவிழா. அதில் பேசவில்லையென்றால் தீவுக்காரர்கள் நால்வரின் பெயரும் நீங்கிவிடும். தீவில் அது என்னவாகப் பேசப்படும் என்பது அவளுக்குத் தெரியும். அங்கேயும் நாக்கு ஒட்டிக்கொண்டது, அங்கேயும் உட்கார்ந்துவிட்டாள். ஆண்டுவிழாவுக்கு மாவட்டத்திலிருந்து ஒரு சிறப்பு விருந்தினர். பொன்னாடை. வாழ்த்துரைக்கு மட்டும் பதினோரு பேர். அவளுடைய ஏழு நிமிடம் அதில் எந்த மூலையிலும் இல்லை.

முந்தைய கூட்டத்தின் முடிவில், செருப்பை மாட்டிக்கொண்டு, அவள் படியிலிருந்து ஒரு சந்தேகம் கேட்டாள்.

"மாஷே, ஒருவேளை தலைவர் வர முடியாம போச்சுன்னா கூட்டம் என்ன ஆகும்?"

கைமள் மாஷுக்கு விதி பற்றிய கேள்வி என்றால் வெல்லம். "கூட்டம் யாருக்காகவும் நிக்கக்கூடாது! அஞ்சு உறுப்பினர் இருந்தா போதும், குறிச்ச நேரத்துக்கு, வந்தவங்கள்ல ஒருத்தரைத் தலைவராக்கித் தொடங்கிடணும். நானே எழுதின விதி."

"நல்ல விதி மாஷே" என்றாள் அவள். பிறகு இறங்கிப் போனாள்.

ஆண்டுவிழா நாளன்று காலையிலிருந்து மழை. நாலேகாலுக்குப் படகிலிருந்து நால்வரும் இறங்கினார்கள். மாடியில் விளக்கு, மாலை, மேசைவிரிப்பு எல்லாம் தயார். நாற்காலிகள் காலி. எதிரே சாயாக்கடையில் வழக்கமான கூட்டம், வழக்கத்தைவிட வெள்ளையான வேட்டிகளில்.

"நாலு பேர்தானே இருக்கோம்" என்றாள் ஜெசி. "அஞ்சு வேணுமே."

"வாங்கிட்டு வரேன்" என்றாள் விலாசினி, ஏதோ உப்பு வாங்கப் போகிறவளைப் போல.

அவள் சாலையைக் கடந்து கடைக்குள் போனாள். அங்கே நின்றவர்களில் யாரையும் அவள் பார்க்கவில்லை. அடுப்புக்குப் பின்னால் நின்ற பிரபாகரனிடம் போனாள்.

"பிரபாகரன் சேட்டா, மேல ஒரு ஆள் குறையுது."

அவன் எண்ணெய்ச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இங்க நிக்கறாங்களே இத்தனை பேரு. கூட்டிட்டுப் போ."

"இவங்க வரமாட்டாங்க. ஒருத்தர் போனாத்தான் இன்னொருத்தர் போவாங்க."

"என்னை எதுக்குக் கேக்கற? அன்னைக்கு என்னை எறக்கிவிட்டவதானே நீ."

"ஆமா. எறக்கிவிட்டேன். இன்னைக்கும் ஏழு தாண்டினா எறக்கிவிடுவேன். வரியா?"

பிரபாகரன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அதற்குள் பின்னாலிருந்து தொம்மச்சன், "பிரபாகரா, மாஷுக்கு இன்னொரு சாயா, கடுப்பம் கம்மியா, பால் தூக்கலா" என்றார். இன்னொருவர், "எனக்குப் பழம்பொரி சூடா வரட்டும்" என்றார். மூன்றாமவர் தம்ளரைத் தட்டினார்.

பிரபாகரன் அடுப்பை அணைத்தான். எண்ணெய் சத்தம் மெல்ல அடங்கியது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

"எடா, எங்க போற?" என்றார் தொம்மச்சன்.

"கூட்டத்துக்கு."

"சாயா?"

"கடை மூடியாச்சு" என்றான். சாலையைக் கடக்கும்போது விலாசினியிடம் தாழ்ந்த குரலில் சொன்னான்: "உன்மேல கோவம் போயிடுச்சுன்னு நெனச்சுக்காதே. அப்படியே இருக்கு. இவனுங்க மேல அதைவிட அதிகமா இருக்கு, அவ்வளவுதான்."

"போதும்" என்றாள் அவள்.

நாலரைக்குக் கூட்டம் தொடங்கியது. தலைமை நாற்காலியில் பிரபாகரன், கைலியும் எண்ணெய் பட்ட பனியனுமாக. ஜெசியின் மடியில் மூன்று குடைகள். தங்கைக்காரி பிரார்த்தனை பாடினாள், இரண்டு வரி. வரவேற்புரை என்று விலாசினி எழுந்து, "வந்தவங்களுக்கு வணக்கம், வராதவங்களுக்கும் வணக்கம்" என்று சொல்லி உட்கார்ந்தாள். அக்காள் முதல் பேச்சைப் பேசினாள். மஞ்சள் குடைக்கே முடித்துக்கொண்டாள். அடுத்துத் தங்கை. அடுத்து ஜெசி, அவள் பேசியபோது விலாசினி குடைகளைப் பார்த்துக்கொண்டாள்.

"இப்போ நீங்க பேசிடுங்க சேச்சி" என்றாள் ஜெசி திரும்பி வந்து. "இப்பவே. அவங்க வரதுக்குள்ள."

"காலி நாற்காலிக்குச் சொல்லவா ஒரு வருஷம் காத்திருந்தேன்?" என்றாள் விலாசினி. "கேக்க வேண்டியவங்க வரட்டும்."

இது புத்திசாலித்தனமல்ல. கையில் விழுந்ததைப் பிடித்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். ஆனால் ஆளில்லாத இடத்தில் பேசிப் பெயரை மட்டும் காப்பாற்றிக்கொள்வதும், பேசாமல் பெயரை இழப்பதும் அவளுக்கு ஒன்றாகத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

சாயா இல்லாத சாயாக்கடையில் ஒரு மனிதன் எவ்வளவு நேரம் நிற்க முடியும்? மேலேயிருந்து ஐந்து பேரின் கைதட்டல் கேட்டது. ஒருவர் மாடியைப் பார்த்தார். இன்னொருவர், "தொடங்கிட்டாங்களோ?" என்றார். அப்போது சிறப்பு விருந்தினரின் வண்டியும் வந்து நிற்க, எல்லோரும் ஒன்றாகப் படியேறினார்கள். மாஷ் முன்னால். வாசலில் அவர் நின்றுவிட்டார்.

"இது என்ன கோமாளித்தனம்? பிரபாகரா, எழுந்திரு."

"மாஷே, தலைவர் எழுந்தா கூட்டம் கலைஞ்சுடும்" என்றான் பிரபாகரன். "அதுவும் மாஷ் எழுதின விதிதான்."

"சரி, நடந்தது நடந்தது. விருந்தினர் வந்திருக்கார். முதல்ல இருந்து தொடங்கலாம். விளக்கேத்தி, பிரார்த்தனை, வரவேற்பு..."

விலாசினி எழுந்தாள். "தொடங்கினதை மறுபடி தொடங்க முடியாது மாஷே. படகு கிளம்பிடுச்சு. நீந்தி வந்து ஏறினவங்களுக்கும் இடம் இருக்கு, உட்காருங்க."

"நீ யார் அதைச் சொல்ல?"

"நான் இன்னும் ரெண்டு மணி நேரத்துக்கு இந்தக் களரியோட உறுப்பினர். அதுக்கப்புறம் நீங்க சொல்றதைக் கேக்கறேன்."

சபை கலகலத்தது. தொம்மச்சன், "மரியாதை வேணும், மரியாதை" என்று குரல் கொடுத்தார். அப்போது சிறப்பு விருந்தினர், நல்ல உயரமான மனிதர், முன் வரிசையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"குறிச்ச நேரத்துக்குத் தொடங்கின கூட்டத்தை இப்போதான் முதல் தடவையா பாக்கறேன்" என்றார். "நடத்துங்க. ஆறு மணிக்கு எனக்கு இன்னொரு இடத்துல பொன்னாடை இருக்கு."

விருந்தினர் உட்கார்ந்தபின் மற்றவர்கள் நிற்க முடியாது. பிரபாகரன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "கைமள் மாஷுக்கு மூணு நிமிஷம். வாழ்த்துரைக்காரங்களுக்கு ஆளுக்கு ஒரு நிமிஷம். குடை எல்லாருக்கும் உண்டு."

மாஷ் மேடையேறினார். "மதிப்பிற்குரிய தலைவர்..." என்று ஆரம்பித்து, பனியனைப் பார்த்து நின்றார். பிறகு, அது அவருடைய பண்பைக் காட்டுகிறது என்றே சொல்ல வேண்டும், "...பிரபாகரன் அவர்களே" என்று முடித்தார். பின் முன்வரிசையிலுள்ள ஒவ்வொருவரையும் விளித்தார். "நான் நீட்ட விரும்பவில்லை" என்றபோது மஞ்சள் குடை விரிந்தது. "கடலினும் பெரியது சொல்" என்றபோது சிவப்பு. மாஷ் குரலை உயர்த்தினார். சபை திரும்பிக் குடையைப் பார்த்தது. அவர் முதுகுகளோடு பேசினார், ஒரு வாக்கியம், இரண்டு வாக்கியம். பின்பு வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். யாரும் சிரிக்கவில்லை. விலாசினிகூட.

வாழ்த்துரைகளைப் பதினோரு பேரும் முடித்தார்கள். ஒரு நிமிடத்தில் ஒருவரை வாழ்த்த முடியும் என்பது அவர்களுக்கே வியப்பாக இருந்தது. பொன்னாடை போர்த்தப்பட்ட விருந்தினர் இரண்டு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு விடைபெற்றார். பழைய உறுப்பினர்களில் மூன்று பேர் பேசினார்கள்.

ஆறரைக்கு மேல் பிரபாகரன் கூப்பிட்டான். "அடுத்து, முதல் பேச்சு, விலாசினி."

அவள் மேடையேறினாள். யாரையும் பட்டம் சொல்லி விளிக்கவில்லை. எல்லோருக்கும் சேர்த்து ஒரு வணக்கம்.

குடைத் தையலகத்தில் சேர்ந்த நாளைச் சொன்னாள். மழையைக் கண்டு சந்தோஷப்படுகிற தொழில் உலகத்தில் ரெண்டே ரெண்டு, ஒண்ணு தவளை, இன்னொண்ணு நாங்க என்றாள். சிரித்தார்கள். தீவைச் சொன்னாள். அயல்கூட்டத்தில் ஒரு மணி நேரத்துக்குள் எப்படி எல்லாவற்றையும் பேசி முடிக்கிறார்கள் என்று சொன்னாள்: மாடு கறக்க நேரமாகிவிடும், மாடு வாழ்த்துரை கேட்காது. மறுபடி சிரித்தார்கள். மாஷின் மீசைகூட அசைந்தது. பச்சைக் குடை விரிந்தது.

பிறகு அவள் எட்டரை மணிப் படகுக்கு வந்தாள். கரைக்காரர்களுக்கும் அந்தக் கதை தெரியும்.

"அன்னைக்கு நான் எழுந்து நின்னேன். சொல்ல வேண்டியது எல்லாம் வாய்ல இருந்தது. யாரு அந்தப் படகுல வருவா, எதுக்கு வருவா, எல்லாம். அதிகாரி நல்ல மனுஷன்தான், கேக்கத் தயாராத்தான் இருந்தார். நான் உட்கார்ந்தேன். நாக்கு ஒட்டிக்கிச்சுன்னு ஊர்ல சொல்றாங்க. பயந்துட்டேன்னு சொல்றாங்க."

மஞ்சள் குடை விரிந்திருந்தது. அவள் அதைப் பார்த்தாள். அவசரப்படவில்லை.

"ஒரு வருஷமா கேட்டுட்டே இருக்கேன், பதில் சொல்லல. நாக்கு ஒட்டல. பயமும் இல்ல. எனக்கு யார்மேல பயம்? நான் உட்கார்ந்ததுக்குக் காரணம் வேற. அன்னைக்கு எனக்கு முன்னால, ரெண்டாவது வரிசையில..."

சிவப்புக் குடை விரிந்தது.

அவள் நிறுத்தினாள்.

"சொல்லுங்க, சொல்லுங்க!" என்றது சபை. ஒரே குரலாக அல்ல, பல இடங்களிலிருந்து. தொம்மச்சன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்திருந்தார். "விதியில விலக்கு உண்டு!" என்றார் கைமள் மாஷ், உண்மையான ஆவலோடு. "தலைவர் அனுமதிச்சா பேசலாம். பிரபாகரா, அனுமதி கொடு."

பிரபாகரன் அவளைப் பார்த்தான். தன் வாக்கியம் பாதியில் நின்ற அதே மேடையில் அவள் நிற்பதைப் பார்த்தான்.

"கொடுத்தாச்சு" என்றான் மெதுவாக. "சொல்லு, விலாசினி. எவ்வளவு நேரம் வேணுமோ எடுத்துக்கோ."

ஜெசியின் கை குடையின் கம்பிக்குப் போனது. "படகுக்கு இன்னும் நேரம் இருக்கு சேச்சி" என்றாள் கடைசி வரிசையிலிருந்து.

"மடக்காதே, ஜெசி" என்றாள் விலாசினி.

அவள் இறங்கி வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். பிரபாகரன் நன்றி சொல்லிக் கூட்டத்தை முடித்தான். நால்வரும் மழையில் படகுத்துறைக்கு நடந்தார்கள், சின்னக் குடைகளுக்குக் கீழே பாதி நனைந்தபடி. படகு வர இன்னும் நேரம் இருந்தது. யார் ரெண்டாவது வரிசையில், என்ன நடந்தது என்று ஜெசி கேட்டாள். அக்காளும் தங்கையும் கேட்டார்கள். விலாசினி, மழை இப்படியே விட்டால் தையலகத்துக்கு நல்லது என்றாள்.

அதன்பின் அவள் களரியில் பல வருடம் பேசினாள், நன்றாகவே பேசினாள், ஒவ்வொரு முறையும் நாலரைக்குத் தொடங்கிய கூட்டங்களில். அந்த வாக்கியத்துக்கு மட்டும் அவள் திரும்பிப் போகவேயில்லை.